மூக்குப் பாரம்

லெத்பிரிட்ஜ். நிலவறையில் பெப்ரவரி.
மேசையில் தண்டர்போல்ட், இன்னும் எந்திரமில்லை.
குட்டை மூக்கு. இரு விரலில் ஏந்தினால்
வால் குந்திவிடுகிறது.

டூ ஸ்ட்ரோக் மலிவு, லேசு.
ஆனால் முன்னுக்கு அரைக் கிலோ ஈயம் கட்டவேண்டும்,
சும்மா ஏறி வர ஒரு பயணி,
என்கிறார் கடைக்காரர் கோவல்சுக்.
ஃபோர் ஸ்ட்ரோக் கனம். விலை அதைவிடக் கனம்.
மோட்டரும் பற்றரியும் போடுங்கோ, அயல் உறங்கட்டும்,
இது கோசலை.

கடையில் ஒன்றை முடுக்கிக் காட்டினார்.
அடித்தொண்டை இருமல், பிறகு ஒரே உறுமல்.
"அசல் கேட்டிருக்கிறீரா?"
கேட்டிருக்கிறேன், வேறு மாடல் என்றேன்.
குழிக்குள் இருந்து மாடல் தெரியாது.
சத்தம் வளர்கிறதா, தேய்கிறதா,
அவ்வளவுதான்.

கனத்தையே வாங்கினேன்.
ஈயம் எரியாது; இது எரியும்.

சிறகில் எட்டுத் துப்பாக்கிக்குத் துளை கேட்கிறது வரைபடம்.
துளைக்கவில்லை, கறுப்புப் புள்ளி வைத்தேன்.
ஆறோடு
போதும் என்று பட்டது.

இனிக் காற்றில்லாத ஒரு ஞாயிறு வேண்டும்.
இந்த ஊரில்
எந்திரம் கிடைப்பது சுலபம்.