நாற்பத்தேழாம் கம்பம்

சோடியம் விளக்கை நான்தான் இறக்கினேன்.
கூண்டுக்குள் செத்த ஈசல் ஒரு கைப்பிடி,
கண்ணாடியெங்கும் பழைய மஞ்சள்.
வெள்ளை எல்.இ.டி.யைப் பூட்டி சுவிட்சைப் போட்டதும்
தேவனாம்பட்டினத்துச் சந்து
ஆப்பரேஷன் தியேட்டராகிவிட்டது.
கவுன்சிலர் கைதட்டினார்.
பிள்ளைகள் பத்து மணிக்கு மேலும் பந்தடித்தார்கள்.

மூன்றாம் வாரம் அஞ்சாப்புலி வந்தார்.
ராத்திரி இரண்டுக்குக் கடலுக்குப் போகிறவர்,
ஏழரைக்குப் படுத்தால்தான் உடம்பு தாங்கும்.
"கண்ண மூடினாலும் இமைக்குள்ள பகல் நிக்குது தம்பி.
சேவலும் ஏமாந்து பன்னெண்டு மணிக்குக் கூவிச்சு,
அத அறுத்துத் தின்னாச்சு.
என்னை என்ன செய்ய?"

வாட்ஸ் சொன்னேன், கரண்ட் மிச்சம் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே கொட்டாவி விட்டார்.
அந்தக் கொட்டாவிக்கு என் பையில் பதில் இல்லை.

ஃபியூஸ் போனதாக எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.
அன்று இரவே தில்லைநாயகியிடமிருந்து போன்.
இறால் கம்பெனி வேன் அவளை முக்கில் இறக்குவது
பதினொன்று நாற்பதுக்கு.
"சாவிய விரலிடுக்குல வச்சிக்கிட்டு நடந்தேண்ணே.
எதிர்ல நிக்கிறது நாயா ஆளான்னு தெரியல."

அவள் சொன்னதும் நிஜம்.

ஸ்டோரில் மஞ்சள் விளக்கு கேட்டேன்.
"டெண்டர்ல வெள்ளைதான்.
மஞ்சள் வேணும்னா மாரியம்மன்கிட்ட கேளு"
என்றார் ஸ்டோர் கீப்பர், தலை நிமிராமல்.

திரும்பி வந்து கம்பத்தடியில் நின்றேன்.
பக்கத்து வேம்பு
கடல் பக்கம் மொட்டையாக நின்றது.
விளக்குப் பக்கம் ஓர் இலைகூட உதிரவில்லை.
பாதி மரத்துக்கு மட்டும் மாசி வந்திருந்தது.

வீட்டிலிருந்து காலி எண்ணெய் டின்னை எடுத்துப்போய்
வாயைப் பிளந்து, விளிம்பை மடக்கி,
விளக்கின் ஒரு பக்கம் கம்பியால் கட்டினேன்.
விரலில் மூன்று கீறல்.
வெளிச்சம் சுவரை விட்டிறங்கித்
தரையில் மட்டும் உட்கார்ந்தது.

எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன்:
அஞ்சாப்புலியின் ஜன்னலில் இருட்டு,
இருட்டுக்குள் குறட்டை.
வேன் வரும்வரை நின்றேன்.
தில்லைநாயகி நிமிர்ந்து டின்னைப் பார்த்தாள்,
குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்,
சாவியைப் பைக்குள் போட்டாள்.

கடல் காற்றுக்கு டின் கடகடக்கிறது.
அதற்கு யார் மனு கொடுப்பார்களோ.
அனுமதியில்லாமல் கட்டியதற்கு
ஜே.இ. மெமோ கொடுக்கலாம்.

என் பொறுப்பில் இன்னும் இருநூற்றுப் பதினோரு கம்பம்.
வீட்டில் எண்ணெய்
பாதி டின் மிச்சமிருக்கிறது.