எந்தப் பக்கம்

ஒரு விசில், ஒரு டார்ச்,
வெளிச்சம் பட்டால் மின்னும்
பச்சை மேல்சட்டை ஒன்று.
கம்பு எங்கள் சொந்தச் செலவு.

அருமனை ஸ்டேஷனில் பெயர் கொடுத்த அன்று
எஸ்.ஐ. சொன்னது மூன்றே வாக்கியம்:
பாருங்க. ஊதுங்க. போன் போடுங்க.
நாலாவதை
நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

அந்த மாதம் புகைப்புரைகளில் இருந்து
காய்ந்த ஷீட்டுகள் நூற்றுப்பத்து காணாமல் போயிருந்தன.
டென்னிசனுக்கு மட்டும் நாற்பத்திரண்டு,
மகளின் நர்சிங் ஃபீசுக்கு அடுக்கி வைத்தவை.
அதன்பிறகு அவன் சரியாக உறங்கவில்லை.
வாட்ஸ்அப்பில் அவன்தான் கேட்டான்:
நம்ம சொத்த நாமதானே நோக்கணும்?
எல்லோரும் கட்டைவிரல் போட்டோம்.
நானும்.

மணி மூன்றரை.
ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு நெற்றி விளக்கு
குனிந்தது, நிமிர்ந்தது,
அடுத்த மரத்துக்குப் போனது.
இப்போது யோசித்தால்,
மரம் மரமாய் நின்று குனிகிற
திருடன் எங்காவது உண்டா?
அப்போது யோசிக்க
எங்களிடம் கம்புதான் இருந்தது.

யாருலே அது, என்றான் டென்னிசன்.
விளக்கு எங்கள் பக்கம் திரும்பிற்று.
கையில் ஏதோ மினுங்கிற்று.
அந்த நேரம் அவன் பயந்தது உண்மை.
நானும் பயந்தேன்.
அதையும் கோர்ட்டில் சொல்லியிருக்கிறேன்.

பிறகு விளக்கு ஓடியது.

பால்வெட்டும் கத்தி
அவன் ஓடத் தொடங்கிய மரத்தின் மூட்டிலேயே கிடந்தது.
மகசரில் அளந்து எழுதியிருக்கிறார்கள்:
கத்திக்கும் ரத்தத்துக்கும் நடுவே
பதினேழு மீட்டர்.

தற்காப்பு, என்றார் டென்னிசனின் வக்கீல்.
அரசு வக்கீல் மறுக்கவில்லை.
அச்சம் முளைக்கையில் அந்த உரிமையும் முளைக்கும்,
அச்சம் தீர்ந்ததும் அதுவும் தீரும்,
அவ்வளவுதான் சொன்னார்.
பிறகு என்னிடம் வந்தார்.

டார்ச் பிடித்தது நீங்கதானே?
நான்தான்.
அடி விழுந்தப்போ
அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்னார்?

குழித்துறை கோர்ட்டில்
கடைசி பெஞ்சில் டென்னிசனின் மகள்,
டியூட்டி உடுப்போடு வந்திருந்தாள்.
என் கல்யாணப் பந்தலுக்கு
கமுகு வெட்டிக் கொண்டுவந்தவன் அவன்.
என் பையில் அப்போதும் அந்த விசில் இருந்தது,
ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை.

நிக்கல. ஓடினார்.
எனக்குத் தெரிஞ்சது முதுகு, என்றேன்.
தோளுக்குக் கீழே சட்டையில் ஒரு கிழிசல்.
அதை நீல நூலால் தைத்திருந்தது.
அதுவரைக்கும் தெரிந்தது.

அவர் பெயர் செல்லநேசன்.
வழக்கமான வெட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று
களியலில் இருந்து மூன்று நாளுக்கு வந்த மாற்றாள்.
வலது கை இனி தோளுக்கு மேலே எழாது.
கூண்டில் ஏறியவர்
கம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்னைக்கு நாப்பத்தாறு மரம் வெட்டியிருந்தேன்.
அந்தப் பாலை யாரு எடுத்தா?

இதை அடிக்கலாமா என்று
டைப்பிஸ்ட் நீதிபதியைப் பார்த்தார்.

யாரும் எடுக்கவில்லை.
சிரட்டைகளில் நிறைந்து, வழிந்து,
எறும்பு மிதந்து உறைந்தது.
ஜீப் வந்தபோது
எஸ்.ஐ.யின் பூட்சில் ஒட்டிக்கொண்டு வந்தது கொஞ்சம்.

நூற்றுப்பத்து ஷீட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.
குழு இருக்கிறது.
டென்னிசனின் தம்பி என்னை நீக்கிய செய்தி
போனில் ஒரு வரியாய்க் கிடக்கிறது.
தீர்ப்பு அடுத்த மாதம் என்கிறார்கள்.

பச்சைச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்,
வாங்க ஆள் இல்லை.
பின்புறத்துக் கொடியில் தொங்குகிறது.
ராத்திரி ரோட்டில் வண்டி திரும்பும்போதெல்லாம்
காற்று எப்படிப் புரட்டினாலும்
அதன் நெஞ்சும் மின்னுகிறது,
முதுகும் மின்னுகிறது.