தேதி

வேலை என்னவென்று கேட்பவர்கள்
நான் சொல்லி முடிக்குமுன்னே
அடுத்ததைக் கேட்டுவிடுகிறார்கள்:
அப்போ அடுத்தது எப்போ?

ஆட்டோக்காரர் கேட்டார்.
பல் மருத்துவர், என் வாயைத்
திறந்து வைத்துவிட்டுக் கேட்டார்.
லட்சுமி நகர் வீட்டுக்காரர் சச்தேவா
மாதாமாதம் ஐந்தாம் தேதி
வாடகையை எண்ணிக்கொண்டே கேட்கிறார்.

தெரியாது என்கிறேன்.
அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு
தெரியாதாமே, என்றொரு பார்வை.
டிவியில் ஒருவர் அமாவாசை என்றாராம்.
மைத்துனர் வீட்டு நாய்
இரண்டு மணி நேரம் முன்பே குரைத்ததாம்.
எங்கள் சந்து நாய்கள்
எல்லா ராத்திரியும் குரைக்கின்றன.
ஏதோ ஒரு ராத்திரிக்குப் பலிக்கும்.

போன மாசியில், விடியுமுன், நான்கு நொடி.
தில்லியில் எல்லோரும்
முதலில் மின்விசிறியைப் பார்க்கிறார்கள்,
பிறகுதான் பிள்ளைகளை.
சந்து முழுக்க ரஜாயோடு நின்றது.
மூன்றாம் மாடி ருக்சானா
என் சால்வை நுனியை விடாமல் கேட்டாள்:
இது சின்னது, பெரிசு பின்னால் வருதா?

வந்தால்தான் இது முன்னதிர்வு.
வராவிட்டால், இதுவேதான் அது.
பெயர் பிறகுதான் வைக்கிறோம்
என்று சொல்ல வாயெடுத்து,
டீ போடட்டுமா என்றேன்.

கீழே, புதுக் கார் நுழையவில்லையென்று
தூணின் ஒரு மூலையை
உளிவைத்துச் செதுக்கியிருக்கிறார் சச்தேவா.
கம்பி வெளியே தெரிகிறது.
அதில் யாரோ ஒரு பிள்ளையின்
ஈரச் சாக்ஸ் காய்கிறது.
மேலே ஐந்தாவது மாடிக்கு
செங்கல் ஏறிக்கொண்டிருக்கிறது.

தேதி என்னிடம் இல்லை சச்தேவாஜி,
இடம் சொல்கிறேன், என்று
அந்தத் தூணைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை.
ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:
நீங்கள் தேதியைச் சொல்லிவிட்டால்
ஒரு மாதம் முன்னாலேயே
பூசிவிடலாமே மேடம்.

அலுவலகத்தில் கோடு ஓடுகிறது.
லாரி போனால் சற்றே சிலிர்க்கிறது.
எங்கோ இந்துகுஷ்ஷில் ஒரு பாறை
தன் கணக்கை யாரிடமும் காட்டாமல்
இறுகிக்கொண்டிருக்கிறது.

சித்திரையிலிருந்து வாடகை ஐந்நூறு கூட.
கொடுத்துவிட்டேன்.
மெட்ரோ எட்டு நிமிட நடை,
இந்தக் காசுக்கு வேறெங்கே கிடைக்கும்?

படுக்கும்போது மட்டும்
செருப்பைக் கட்டிலுக்கு அருகில்
வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன்.