எழுபத்திரண்டில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன்.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
மாடிப்படிக்குக் கீழே
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ஏ-இரண்டு, ஏ-மூன்று, ஏ-மூன்றரை:
ஊரின் மஞ்சளை எண்களால் அறிவேன்.
வெற்றிலை போடுகிறவருக்கு
வெள்ளைவெளேர் என்று ஒன்றை வைத்தால்
அது மட்டும் தனியாகச் சிரிக்கும்.

ராத்திரி ஒன்பதுக்கு மேல்
அதே இடுக்கி, அதே பூதக்கண்ணாடி,
அதே மூச்சடக்கம்.
ஜாகுவார் விமானம்.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு.
மூக்கிலிருந்து வால்வரை சரியாக ஒரு சாண்.
இறக்கைக்குக் கீழே குண்டுகள் நான்கு,
வயிற்றில் எண்ணெய்த் தொட்டி,
இறக்கையின் முதுகில்
(ஆமாம், முதுகில்தான்)
ஏவுகணை இரண்டு.
டைல்ஸ் மாற்ற வந்த மாயழகு
"தலைகீழா ஒட்டிட்டீங்களே அக்கா" என்றான்.

மாற்ற வந்தவன் மாற்றாமலே போன
ஆத்தங்குடிக் கல்லில்தான்
போன மாதம் ஏவுகணையின் வால்சிறகு துள்ளி விழுந்தது.
சிவப்புப் பூ, பச்சைக் கொடி, கறுப்பு விளிம்பு.
கன்னம் தரையில் பட
டார்ச்சைப் படுக்கவைத்து அடித்து
ஒரு மணி நேரம் தேடினேன்.
தரை தரவில்லை.
பல்வரிசைக்குக் கவசம் அடிக்கும் தகட்டில்
ஒரு நறுக்கு நறுக்கி ஒட்டினேன்.
யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

டாக்டர் நிறம் பார்க்க அனுப்பிய ஆள்
இருதயராஜ், தேவகோட்டை, வயது நாற்பத்தொன்று.
முன்பல் பாதி.
பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர்.
நிறச்சீப்பு அவர் உதட்டில்,
கண் என் அலமாரியில்.
திறந்த வாயோடு ஏதோ சொன்னார்.
சீப்பை எடுத்தேன்.
"கோரக்பூர்ல இதுக்குத்தான்
குண்டு மாட்டினேன். பதினோரு வருஷம்."

பெருமையாக எடுத்து நீட்டினேன்.

"மஞ்ச வளையம் போட்டிருக்கீங்க."
பெட்டிப் படத்தில் அப்படித்தான் என்றேன்.
"பெட்டிக்காரன் விக்கணும்ல.
மஞ்சன்னா உள்ள மருந்து.
நான் மாட்டினது பெரும்பாலும் நீலம்."
நீலமென்றால்?
"சிமெண்டு."

ஒரு குண்டுக்கு ஒன்பது மூட்டை.
நான்குக்கு முப்பத்தாறு.
என் தலைக்கு மேலுள்ள மாடிப்படிக்கே
அவ்வளவு ஆகியிருக்காது.
அதை ஆகாயத்தில் தூக்கிப்போய்
மணலில் போட்ட சுண்ணாம்பு வட்டத்துக்குள்
போட்டுவிட்டு வருவார்களாம்,
நாளைக்கும் அதே வட்டத்துக்கு.

"அப்புறம், பைலட் உள்ள இருக்காரு,
சிவப்புக் கொடியும் தொங்குது."
அது தப்பா?
"தப்பில்ல.
நான் இன்னும் வரலைன்னு அர்த்தம்."

கடைசியில் அவர்தான் வருவாராம்.
ஊசிகளை ஒவ்வொன்றாய் உருவி,
கொடிகளோடு கையில் விரித்து,
கண்ணாடிக்கு நேரே உயர்த்திக் காட்டுவாராம்.
உள்ளே இருப்பவர் எண்ணுவார்.
கட்டைவிரல் உயரும்.
பிறகு விலகி ஓட வேண்டியது.

அன்றிரவு மஞ்சளைச் சுரண்டினேன்.
நீலத்தில் ஒரு சொட்டுச் சாம்பல் கலந்தேன்,
வெயிலில் நின்ற நீலம் அப்படித்தான் இருக்கும்.
மழை ஈரத்தில் மேட் வார்னிஷ் அடித்தால் பூக்கும்;
இரண்டு நாள் காத்து, மூன்றாம் நாள் அடித்தேன்.
பளபளப்பு செத்தது.
சாண் நீளத்துக்கு ஒரு கனம் வந்தது.

பல் மாட்டிய அன்று
கண்ணாடி பார்க்கக்கூட இல்லை அவர்.
"இடுக்கி தாங்க" என்றார்.
துப்பாக்கி பிடிக்கும் விரல்கள்.
தலைமுடியளவு ஊசிகளை
ஒவ்வொன்றாய் உருவினார்.
உள்ளங்கையில் வரிசையாய் வைத்து
மூடிக்கு நேரே உயர்த்தினார்.
அரிசியளவு விமானி
எண்ணவில்லை.
நான் எண்ணினேன்.
ஐந்து.

"ஆறு."
ஆறுதான் செய்தேன்.
இருவரும் குனிந்து
தரையைப் பார்த்தோம்.
எல்லாப் பூவும் சிவப்பு.

"ஒண்ணு குறைஞ்சா ஓடுபாதைக்குப் போக விடமாட்டோம்."
யூனிஃபார்ம் முட்டி தரையில் பட
டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தார்.
சொல்லிக் கொடுக்கவே இல்லை நான்.

பேங்க் திறக்கிற நேரம்
என்றேன்.
ஆமாம் என்றார்,
எழவில்லை.