நங்கைக்கு, கண்காட்சிக்குப் போறதுக்கு முன்னால

ஞாயித்துக்கெழமை வேண்டாமுங் நங்கை.
வெள்ளிக்கெழமையே போயிருங்க.
ஞாயிறுன்னா பல்லடம், பொள்ளாச்சி, காங்கயம்
மூணும் ஒரே கேட்டுல நுழையும்.
பையனுக்கு ஒருநா பள்ளிக்கூடம் போச்சேன்னு
அண்ணன் மொணங்குவாரு.
மொணங்கட்டும். உள்ள போனா
வெளிய வர மனசில்லாம நிக்கப்போறது அவருதான்.

வண்டிய நிறுத்தினதும்
பக்கத்துல நிக்கற வண்டிய அடையாளம் வெக்காதீங்க.
போன வருசம் நாங்க வெச்சது
ஒரு வைக்கோல் லாரிய.
சாயங்காலம் நாலு பேரும்
இல்லாத வைக்கோலைத் தேடி
முக்கா மணிநேரம் நடந்தோம்.
கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும். ஃபோட்டோ எடுத்துக்குங்க.

தண்ணி கொண்டுபோங்க, மோரும்.
உள்ள எங்க பார்த்தாலும்
சொட்டுச் சொட்டா விழுந்துட்டுத்தான் இருக்கும்,
ஒண்ணும் குடிக்கறதுக்கில்ல.

காலையிலயே செடி வாங்கிராதீங்க.
இவரு வாங்கினாரு, வெண்ணெய்ப்பழ நாத்து,
சஞ்சித்தை விட ஒரு சாண் ஒசரம்.
ஆடிக் காத்து அத இழுக்க, அது இவர இழுக்க,
சாயங்காலம் மிச்சம் ரெண்டு எலை.
காசக் குடுத்து, பேரெழுதி வெச்சுட்டு
திரும்பறப்ப எடுத்துக்கறதுதான் புத்தி.

நோட்டீஸை வேண்டாம்னு தள்ளாதீங்க.
வெயில்ல நின்னு குடுக்கறது காலேஜுப் பசங்க;
கட்டு தீந்தாத்தான் சோத்துக்கு விடுவாங்களாம்.
அதுவுமில்லாம
மரத்தடியில விரிக்கறதுக்கு ஆகும்.
ஒம்பது லட்ச ரூவா டிராக்டர் மேல உக்காந்து
தக்காளிச் சோறு தின்னோம் நாங்க.

மாட்டுக் கொட்டகையில காளைக்குப் பின்னால நிக்காதீங்க.
வெலையும் கேக்காதீங்க, சும்மானாச்சுக்கும்.
துண்டைப் போட்டுக் கையப் புடிச்சுட்டாங்கன்னா
அண்ணன் வெரலு அவரு பேச்சைக் கேக்காது.

கடைக்குக் கடை ஒரு நோட்டு இருக்கும்,
பேரு, ஊரு, ஃபோன் நம்பர்.
உங்க நம்பரக் குடுக்காதீங்க, அண்ணனோடதக் குடுங்க.

மோட்டாருக் கடையில அப்படித்தான்
ஒரு தம்பி பேனாவத் தொறந்துட்டு
எத்தனை ஏக்கருங் சார்னு கேட்டாப்ல.
இவரு, இருக்குதுங், பார்க்கலாமுங்னு
இழுத்துட்டே நின்னாரு.
மிருதுளா இருக்கறாளே, ஆறாவது,
கணக்கு டீச்சருக்குச் சொல்றாப்ல சொன்னா:
மூணே முக்கா ஏக்கருங்ணா.
மூணு போருங்ணா.
கடைசிப் போரு ஆயிரத்து நூத்தம்பது அடி.
பொகை மட்டுந்தான் வந்துச்சுங்ணா.

தம்பி எழுதல.
பேனாவ மூடிச் சட்டையில சொருகிட்டு
பிளாஸ்டிக் சேர் ஒண்ண இழுத்துப் போட்டாப்ல.
எங்களுக்குத் தாராபுரம் பக்கமுங் சார்.
எங்களுது ஆயிரத்து நானூறு.

முன்னால கண்ணாடித் தொட்டியில
மோட்டாரு ஓடிட்டிருந்துச்சு.
அடியில உறிஞ்சி மேல கொட்டறது
அதே தண்ணிதான், நாலு கொடம் இருக்கும்,
காலையில இருந்து சுத்திச் சுத்தி
ஆறு மாதிரி சத்தம் போட்டுட்டு.
ரெண்டு பேரும் அதயே பார்த்துட்டு
ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தாங்க.

அந்த மாதிரி எடத்துல
நேரமாச்சு, நேரமாச்சுன்னு நிக்காதீங்க நங்கை.
கொழந்தைகளக் கூட்டிட்டுப் போயி
ட்ரோன் மருந்தடிக்கறதக் காட்டுங்க.
மேல தெளிச்சா பயப்படாதீங்க, வெறும் தண்ணிதான்.

அப்பறம் மூணு மாசத்துக்கு ஃபோன் வரும்,
சொட்டுநீரு, ஒரம், வங்கிக் கடன்.
அந்தத் தம்பி மட்டும்
ஐப்பசியில ஒருநா கூப்பிட்டாப்ல.
மழைங்ளா சார், அங்க?
தூத்தலுங், ன்னாரு இவரு.
வெச்சுட்டாங்க.

செடி ரசீது அண்ணன் சட்டைப் பையில கெடக்கும்.
தொவைக்கப் போடறப்ப பார்த்துக்குங்க.