வழக்குச் சொத்து

பாதாம் பருப்பு, கால் கிலோ,
இருநூற்றெண்பத்தொன்பது ரூபாய்.
பர்ஸில் அறுநூற்று நாற்பது இருந்தது.
அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
பில் போடும் வரிசை நீளமில்லை.
பசியில்லை.
கை எடுத்தது, பை வாங்கிக்கொண்டது,
நான் அடுத்த வரிசையில்
துணி சோப்பின் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் ஏட்டு
பொட்டலத்தை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.
"இதுக்காம்மா?"
ஓர் அறை விட்டிருக்கலாம்.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டு மாடிப்படியில்
இலவச சட்ட உதவி வக்கீல் ஷமீலா
டீ கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.
"ஐயாயிரத்துக்குக் கீழ. முதல் தடவை.
பொருளும் அவங்க கைக்கே போயிடும்.
ஜெயிலுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.
ஒத்துக்கிட்டா சமுதாய சேவைன்னு போடுவாங்க,
ஆஸ்பத்திரி கிஸ்பத்திரி பெருக்கச் சொல்வாங்க."

ஸ்டான்லியா? என்று கேட்டேன்.
"இருக்கலாம். ஏன்?"
ஏழு வருஷமா அங்கதான் பெருக்குறேன்.

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.
குற்றம் என்று ஒரு வரி எழுதிவிட்டால்
காண்ட்ராக்டர் அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவான்;
பிறகு அதே வார்டை
தண்டனையாகப் பெருக்க வேண்டும், சம்பளமில்லாமல்.

"அப்போ எடுக்கவே இல்லேன்னு நின்னு பாப்போமா?
கேமரால பாத்தீங்களா?"
பார்த்தேன். மேலிருந்து.
என் வகிடு இவ்வளவு அகலமாகிவிட்டது
எனக்குத் தெரியாது.

கடைசியில் சமாதானம் என்று முடிவாயிற்று.
கடைக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்
விடுதலை ஆன மாதிரியேதான், என்றார் ஷமீலா.
"கெஞ்சாதீங்க. கேளுங்க."
நான் இரண்டையும் செய்தேன்.

மேனேஜர் பிரதீஷுக்கு வயது இருபத்தாறு இருக்கும்.
மேல கேக்கணும் என்றார். மறுபடி வாங்க என்றார்.
மூன்று முறை போனேன்,
கவுண்ட்டரில் இரண்டு கையையும் விரித்து வைத்தபடி.
வாசல் செக்யூரிட்டி பெண் என் கையையே பார்த்தாள்,
அவள் நகத்திலும் என் நகத்தைப் போல
பினாயில் வெளுப்பு.
நாலாம் முறை அவர்
தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.
நிமிர்ந்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

வாய்தா அன்று பொட்டலம் வந்தது,
அரக்கு முத்திரையும் எண்ணுமாக.
உள்ளே பொடி, பொடிக்குள் வண்டு.
சொத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.
"வேணாங்க, தேதி முடிஞ்சிடுச்சு,"
என்றார் பிரதீஷ்.
குமாஸ்தா என்னைப் பார்த்தார்.
நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே பாரிமுனை வெயில்.
தள்ளுவண்டியில் மணலில் வறுபடும் கடலை.
பத்து ரூபாயை நீட்டி, கூம்பை வாங்கி,
நகராமல் நின்றேன்.
"இன்னாக்கா?"
பில், என்றேன்.
அவன் வறுப்பதை நிறுத்திவிட்டு
என்னை ஒரு தரம் பார்த்தான்.
பிறகு கரண்டியால் சட்டியின் விளிம்பை
இரண்டு தட்டுத் தட்டி,
"போட்டாச்சு, போ," என்றான்.