நாற்பது பக்கம்

கோட்டைக் கணக்கில் அவனுக்குக் கிடைத்தது ஒரே வரி:
‘வெளுப்புக்காரன் மன்னாரு. ரெண்டு கட்டுத் துணி குறைவு.
பன்னிரண்டு கசையடி.’
வருடம் உண்டு. மாதத்தைக் கரையான் தின்றிருந்தது.

அதை வைத்துக்கொண்டு ஏழு மாதமாக
மஞ்சக்குப்பத்தில்
மின்வாரிய வேலை முடிந்து வந்து
இரவில் எழுதுகிறேன்.

முதல் அத்தியாயத்தில் அவன் தீக்குச்சி கிழித்தான்.
அடித்தேன். அப்போது ஏது தீப்பெட்டி?
சிக்கிமுக்கிக் கல் கொடுத்தேன்,
பற்றுவதற்கு அரைப்பக்கம் ஆனது.
ரசத்தில் தக்காளி மிதந்தது, வடித்துக் கொட்டினேன்.
உவர்மண் எங்கே அள்ளினார்கள்,
வெள்ளாவிக்கு என்ன விறகு,
இருபது நாள் படித்து
படித்ததை எல்லாம் எழுதினேன்.
வாசித்துவிட்டு நசீரா சொன்னாள்:
“துணி நல்லா வெளுக்குது.
ஆளைத்தான் காணோம்.”

அன்றிரவு விறகைக் குறைத்தேன்.
அவனுக்கு ஒரு முதுகு வந்தது.
ஏழாவது அடியில் எண்ண மறந்தான்.
கரையான் புண்ணியத்தில் அமாவாசை வைத்து
கெடிலத்தில் ஒரு தோணி வைத்து
அவனைத் தப்பவிட்டேன்.
நாற்பது பக்கம்.
தேவனாம்பட்டினத்து அலை
மேசைக்கு அடியில் வந்து போனது.

பிறகு அடுத்த வருடத்துக் கட்டில் பார்த்தேன்:
‘மன்னாரு, கூலி பெற்றான்.’
பக்கத்தில் அவன் கையால் ஒரு கீறல்.

தோணி காலியாகத் திரும்பியது.

பார்க்காதவள் போல இருந்துவிடலாம்.
யார் போய்ப் புரட்டப் போகிறார்கள்?
பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி
ஆகாயத்தாமரை மூடிய கெடிலத்தை
கொசு கடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஓடுகிறவனை எழுத எனக்குத் தெரிந்திருந்தது.
அடித்தவனிடமே
கூலிக்கு வரிசையில் நிற்கிறவனை
இன்னும் தெரியவில்லை.

நாற்பதும் இப்போது பரண்மேல்.
புதிய பக்கத்தில் வெயில்,
அவனுக்கு முன்னால் பதினோரு பேர்.
பதினோரு பேர் நான் வைத்தது.
கீறல் அவன் வைத்தது,
கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது,
அவசரமா, கை நடுக்கமா?

மனைவி பெயர் எந்தக் கட்டிலும் இல்லை.
பூங்காவனம் என்று கூப்பிட்டேன், திரும்பினாள்.
காசை வாங்கி எண்ணவில்லை.
ஆறாத முதுகைப் பார்த்து
வேப்பெண்ணெய் வாங்கி வரச் சொல்கிறாள்.

நாலு நாளாகக் கதை அங்கேயே நிற்கிறது.
அந்தக் கூலிக்கு
எத்தனை படி எண்ணெய் கிடைத்திருக்கும்?

சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.